முதல் போட்டியின் முதல் அடி: கல்முனை வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, நான் கல்முனையைச் சேர்ந்த வங்கி உத்தியோகத்தர், வயது 41. கொழும்பில் கடமையாற்றிய இரண்டு வருடங்களில் நண்பர் ஒருவர் மூலம் கொல்ஃப் பழகினேன். ஊருக்கு மாற்றலாகி வந்தபின் மாதத்துக்கு ஒரு தடவை திருகோணமலை சீனக்குடா மைதானத்துக்குப் போய் விளையாடுகிறேன். அருகில் பயிற்சிக்கு வசதி எதுவும் இல்லை. என் ஹென்டிகெப், அதாவது எனக்குக் கிடைக்கும் அடிச் சலுகை, 30. இன்னும் ஐந்து வாரத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கு நடக்கும் கழகப் போட்டியொன்றில் ஆடப் பெயர் கொடுத்திருக்கிறேன், ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற புள்ளி முறை. நான் டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடம்) அடிக்கும் பந்து இடப்புறமாகப் புறப்பட்டு, பாதி வழியில் வலப்புறம் வளைந்து காட்டுக்குள் போய்விடுகிறது. ஒரு சுற்றில் ஆறு, ஏழு பந்துகள் தொலைகின்றன. பாடசாலைக் காலத்தில் ஆரம்பத் துடுப்பாட்டக்காரனாக இருந்தவன் என்பதால் இது பெரிய வெட்கமாக இருக்கிறது. புதிய ட்ரைவர் (அதிக தூரம் அடிக்கும் நீண்ட மட்டை) வாங்கினால் சரியாகுமா, அல்லது பெயரை வாபஸ் வாங்குவதா? ஒன்பது வயது மகன் எனக்குக் கெடியாக (மைதானத்தில் கூடவந்து உதவுபவனாக) வர ஆசைப்படுகிறான், அதற்கு இடமுண்டா?

பதில்: அன்புள்ள தம்பி, பெயரை வாபஸ் வாங்க வேண்டாம், ட்ரைவரும் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தபின் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. பந்து வளைவது ஒன்று. வளையும் பந்தை எந்நேரமும் ட்ரைவராலேயே அடிப்பது மற்றொன்று. முதலாவதை ஐந்து வாரத்தில் பாதியாவது குறைக்கலாம். இரண்டாவதை இன்றிரவே நிறுத்திவிடலாம். ஆகவே இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்டேபிள்ஃபோர்ட் முறை 1932 இல் இங்கிலாந்தின் வொலஸி கழகத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒரு குழியில் நேர்ந்த பேரழிவு முழுச் சுற்றையும் பாழாக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். உங்களைப் போன்றவர்களுக்காகவே செய்யப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். ஹென்டிகெப் கழித்தபின் பார் (ஒரு குழிக்கென்று வகுத்த அடி எண்ணிக்கை) எடுத்தால் இரண்டு புள்ளி, ஒன்று கூடினால் ஒரு புள்ளி, அதற்கு மேல் கூடினால் பூச்சியம். 30 அடிச் சலுகை உள்ளவருக்குப் பதினெட்டுக் குழிகளிலும் ஒவ்வோர் அடியும், கடினமான பன்னிரண்டு குழிகளில் மேலும் ஓர் அடியும் கிடைக்கும். போட்டியை நடத்துபவர்கள் ஏதாவதொரு விகிதத்தைக் கழித்தால் இதில் ஓரிரு அடி குறையக்கூடும், அவ்வளவுதான். இதன் பொருளை நன்றாக உள்வாங்கிக்கொள்ளுங்கள்: அந்தப் பன்னிரண்டு குழிகளில் ஒன்று 400 யார் நீளமான, பார் நான்கு உள்ள குழி என்றால், அதை ஆறு அடியில் முடித்தாலே நீங்கள் பார் எடுத்தவர்.

இனிக் கணக்குப் பார்ப்போம். ஐந்தாம் இலக்க வுட்டால் (ட்ரைவரைவிடக் கட்டையான தண்டுள்ள மட்டை) 160 யார் அடிக்கிறீர்கள். அடுத்த அடியில் 150. மீதி 90 யார். மூன்றாவது அடி கொஞ்சம் கட்டையாக விழுகிறது, நான்காவது கிறீனில் (குழி இருக்கும் மழித்த புல்தரை) ஏறுகிறது, இரண்டு புட் (உருட்டும் அடி). ஆறு அடி, இரண்டு புள்ளி. இதே குழியில் ட்ரைவரை எடுத்து எல்லைக்கு வெளியே அனுப்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடித்த அடி ஒன்று, தண்டனை அடி ஒன்று, மீண்டும் டீயில் நின்று அடிப்பது மூன்றாவது. அதன்பிறகு மேலே சொன்ன அதே ஆட்டத்தைப் பிசகில்லாமல் ஆடினாலும் எட்டு, புள்ளி பூச்சியம். ட்ரைவர் நேராகப் போகும் நாளில் உங்களுக்குத் தரக்கூடிய மேலதிக 40, 50 யாருக்காக ஒவ்வொரு டீயிலும் இந்தப் பணயத்தை வைக்கிறீர்கள். வங்கியில் இருப்பவர் நீங்கள். இப்படியொரு கடன் விண்ணப்பம் மேசைக்கு வந்தால் கையெழுத்து வைப்பீர்களா?

ட்ரைவர் கூடுதலாக வளைவதற்கும் காரணம் உண்டு. உங்களுடையது 9 பாகை லொஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வு) உள்ளதாக இருக்கும். கொழும்பில் பழைய மட்டைகள் விற்கப்படும் போது பெரும்பாலும் அதுவே கைக்கு வருகிறது. முகம் நிமிர்ந்த மட்டை பந்துக்குப் பின்சுழற்சியைக் குறைவாகக் கொடுக்கிறது. முகம் கொஞ்சம் திறந்து பட்டாலும் சுழலும் அச்சு பெரிதாகச் சாய்ந்துவிடுகிறது. 18 பாகையளவு லொஃப்ட் உள்ள ஐந்தாம் இலக்க வுட்டில் அதே தவறைச் செய்தால் பந்து வளையத்தான் செய்யும், ஆனால் வளைவு சிறிதாக இருக்கும். மட்டையின் தண்டும் கட்டை என்பதால் பந்து முகத்தின் நடுவில் படுவதும் சுலபம். உங்கள் பையில் அது இல்லாமல் ஹைபிரிட் (கலப்பு வகை மட்டை) ஒன்று இருந்தால் அதுவும் போதும். ட்ரைவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. அகன்ற, எல்லை தொலைவில் உள்ள ஒன்றிரண்டு குழிகளை முன்கூட்டியே தெரிவுசெய்து, அங்கு மட்டும் எடுங்கள். மைதானத்தில் நின்று அந்தத் தீர்மானத்தை மாற்றாதீர்கள்.

இனி வளைவுக்கு வருவோம். நான் பழகிய காலத்தில், மட்டை வரும் பாதைதான் பந்து புறப்படும் திசையைத் தீர்மானிக்கிறது என்று சொல்லித் தந்தார்கள். ராடார் கருவிகள் வந்து பந்தை அளந்தபின் அது தலைகீழான பாடம் என்று தெரிந்தது. பந்து எந்தத் திசையில் புறப்படுகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. எவ்வளவு வளைகிறது என்பதைத் தீர்மானிப்பது, முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான கோணம். உங்கள் பந்து இடப்புறமாகப் புறப்படுகிறது என்று எழுதியிருப்பதிலேயே நோய் தெரிகிறது. வலப்புறம் வளைவதைக் கண்டு பயந்து, கால்களையும் தோள்களையும் இடப்புறம் திருப்பி நிற்கிறீர்கள். மட்டை தோளின் வழியே, வெளியிலிருந்து உள்ளாக, பந்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. முகம் இலக்கிலிருந்து சற்று இடம் பார்த்தாலும் பாதை அதைவிட இடமாக இருப்பதால், பாதையோடு ஒப்பிடும்போது முகம் திறந்தே இருக்கிறது. எவ்வளவு இடப்புறம் திரும்பி நிற்கிறீர்களோ அவ்வளவு பெரிய வளைவு. மருந்தே நோயை வளர்க்கிறது.

இதில் கிரிக்கெட்டுக்கும் பங்குண்டு. கிழக்கில் நான் பழக்கிய வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்கள். நல்ல துடுப்பாட்டக்காரர்களிடமே இந்த வளைவு பிடிவாதமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆரம்பத் துடுப்பாட்டக்காரனுக்கு இடது முழங்கையை உயர்த்தி, துடுப்பின் முகத்தைப் பந்துவீச்சாளருக்குக் காட்டியபடியே அடியை முடிக்கச் சொல்லித்தான் பழக்குகிறார்கள். அங்கே அது அழகு. இங்கே அப்படிச் செய்தால் முகம் மூடவே மூடாது. பந்தைத் தாண்டியதும் வலது முன்கை இடது முன்கையின் மேலே உருண்டு போக வேண்டும். சரிபார்க்கும் வழி எளிது: பந்தை அடித்தபின் கைகள் இடுப்பு மட்டத்துக்கு வரும்போது நிறுத்திப் பாருங்கள். மட்டையின் நுனி வானத்தைச் சுட்டினால் சரி. மட்டையின் முகம் வானத்தைப் பார்த்தால் நீங்கள் இன்னும் பாடசாலை மைதானத்திலேயே நிற்கிறீர்கள்.

பிடியையும் பாருங்கள். துடுப்பை உள்ளங்கையால் பிடித்துப் பழகிய கை, கொல்ஃப் மட்டையையும் உள்ளங்கைக்குள் அடக்கிக்கொள்ளும். மட்டை இடது கைவிரல்களின் அடிப்பகுதியில் கிடக்க வேண்டும். குனிந்து பார்க்கும்போது இடது கையின் இரண்டு கணுக்களாவது, முடிந்தால் மூன்று, கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு கைகளிலும் பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் கோடு வலது தோளை நோக்க வேண்டும். முதல் வாரம் இது அந்நியமாக, சில வேளை அருவருப்பாகக்கூட இருக்கும். இரவில் செய்தி பார்க்கும் நேரத்தில் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருங்கள்.

பயிற்சிக்கு இடமில்லை என்கிறீர்கள். கல்முனையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லாதீர்கள். காலையில் பாண்டிருப்புப் பக்கம் கடற்கரைக்குப் போங்கள். அலை வந்து திரும்பிய, கால் புதையாத ஈரமணலில் நில்லுங்கள். மட்டையின் பிடியால் இலக்கை நோக்கி ஒரு நேர்கோடு கீறி, அந்தக் கோட்டின் மேல், பந்தே இல்லாமல், ஏழாம் இலக்க அயனால் (இரும்புத் தலை மட்டை) மணலைத் தொட்டு வீசுங்கள். மணலில் ஒரு சிறு பள்ளம் விழும். அது உங்கள் கையெழுத்து மாதிரி, பொய் சொல்லாது. உங்களுடையது கோட்டின் வெளிப்பக்கத்தில் தொடங்கி, உங்கள் இடப்புறமாகச் சாய்ந்து கோட்டை வெட்டும். அது கோட்டோடு ஒட்டிக் கிடக்கும்வரை வீசுங்கள். திருந்த மறுத்தால், பந்து இருக்க வேண்டிய இடத்துக்கு ஓரடி பின்னால், கோட்டுக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி, உங்கள் ரப்பர் செருப்பை வையுங்கள். வெளியிலிருந்து வரும் மட்டை செருப்பைத் தூக்கி எறியும். செருப்பில் படாமல் வீசுவதற்கு உடம்பு தானாகவே வேறு வழி தேடும். நான் வாயால் சொல்லும் எதையும்விட அது நன்றாகப் படிப்பிக்கிறது. மணலுக்கும் இந்த விளையாட்டுக்கும் பழைய உறவு உண்டு: மரமுளைகள் பரவலாகப் பாவனைக்கு வரும் 1920கள் வரை, டீக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்திருந்த ஈரமணலைச் சிறு குவியலாகப் பிடித்து, அதன் மேல் பந்தை வைத்தே ஆடினார்கள். ஒன்று மட்டும்: கடற்கரையில் உண்மையான பந்தை அடிக்கவே வேண்டாம். 46 கிராமுக்குச் சற்றுக் குறைந்த பந்துதான், ஆனால் கரைவலை இழுப்பவரின் தலையில் பட்டால் உயிராபத்து. வீட்டுக்கு வந்ததும் மட்டைகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பு இரும்புத் தண்டை விடாது.

உண்மையான பந்தை வளவுக்குள் அடிக்கலாம். மீன்பிடிப்பவர்களிடம் கழித்துவிட்ட பழைய நைலோன் வலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையாது என்பதால் கண் அதைவிட நன்றாகச் சிறிய வலையாக இருக்க வேண்டும். இரட்டையாக மடித்து, இரண்டு தென்னைகளுக்கு இடையில், இழுத்துக் கட்டாமல் தொய்வாகத் தொங்கவிடுங்கள். விறைப்பான வலை பந்தை உங்கள் நெற்றிக்கே திருப்பி அனுப்பும். தொய்ந்த வலை வாங்கிக் கீழே போட்டுவிடும். பின்னால் மதிலோ வெறும் வளவோ இருக்கட்டும், அயலவரின் குசினி யன்னல் வேண்டாம். இரண்டு வாரம் ஏழாம் இலக்க அயன், அதன்பின் இரண்டு வாரம் ஐந்தாம் இலக்க வுட், தாழ்ந்த டீயில் (பந்தை வைக்கும் முளைக்கும் அதே பெயர்தான்). ஒரு நாளைக்கு 40 பந்து போதும். 200 பந்து அடிப்பவர் கடைசி 150 இல் பழைய தவறைத்தான் பழகுகிறார். கடைசி வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். யார் புத்தி சொன்னாலும் சிரித்துவிட்டுப் போங்கள், நான் சொன்னாலும்கூட.

கச்சான் காற்று வீசும் காலம் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். எதிர்க்காற்றில் பலமாக அடிக்க வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். பலமாக அடித்தால் சுழற்சி கூடும், பந்து உயரும், வளைவும் பெருகும். வழக்கத்தைவிடத் தூரம் போகும் மட்டையை எடுத்து முக்கால் வீச்சில் அடியுங்கள். டீயில் எங்கே பந்தை வைப்பது என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இரு அடையாளங்களுக்கும் இடையில் எங்கும், பின்னால் இரண்டு மட்டை நீளம்வரை வைக்கலாம்; கால்கள் வெளியே நின்றாலும் குற்றமில்லை. வலப்புறம் வளையும் பந்தைக் கொண்டவர் வலது ஓரத்தில் வைத்து ஃபெயார்வேயின் (டீக்கும் கிறீனுக்கும் இடையிலான வெட்டிய புல்வெளி) இடது பாதியைப் பார்த்து அடித்தால் புல்வெளி முழுவதும் அவருக்குக் கிடைக்கிறது. நீங்கள் அந்த இடது பாதியையே இலக்காகக் கொண்டு, அதற்கு நேராகத் தோள்களை வைத்து நிற்க வேண்டும். நடு ஃபெயார்வேயை நினைத்துக்கொண்டு உடம்பை மட்டும் இடப்புறம் திருப்புவது வேறு. அதுதான் பழைய வியாதி.

வெட்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். டீயில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று பேரும் தங்கள் அடியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்பதற்கு என் நாற்பது வருட அனுபவம் சாட்சி. டீயில் வைத்த பந்து மட்டை தட்டி விழுந்துவிட்டால் தண்டனை இல்லை, எடுத்து மீண்டும் வைக்கலாம். வீசிப் பந்தைத் தவறவிட்டால் அது ஓர் அடி. ஆனால் பந்து டீப் பரப்புக்குள்ளேயே கிடந்தால் திரும்பவும் டீயில் வைத்து இரண்டாவது அடியாக ஆடலாம். அதைவிட மோசமாக எதுவும் அங்கே நடக்காது.

உண்மையான அபாயங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. நான் 22 வயதில் ஆடிய முதல் போட்டி அடிகளை எண்ணும் முறையிலானது. அன்றைக்கு என் வாழ்நாளிலேயே நேரான பந்துகளை அடித்தேன். பதினோராம் குழியில் நான் எடுத்தது ஆறு. என் மார்க்கர் (என் அடிகளைக் குறித்துவைப்பவர்) ஐந்து என்று எழுதியிருந்தார். அவசரத்தில் பார்க்காமல் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் கழித்து நானே நினைவுவந்து போய்ச் சொன்னபோது, செயலாளர் மிக மரியாதையாக என் பெயரின் மேல் கோடு போட்டார். எடுத்ததைவிடக் குறைந்த எண்ணிக்கையில் கையொப்பமிட்டால் தகுதியிழப்பு. கூடிய எண்ணிக்கையில் இட்டால் அதுவே நிலைக்கும். புள்ளிகளைக் கணக்கிடுவது போட்டிக் குழுவின் வேலை. ஒவ்வொரு குழியிலும் எத்தனை அடி என்பது உங்கள் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு கிறீனை விட்டு இறங்கும்போதும் மார்க்கரிடம் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பந்து தொலையும் பழக்கம் இருப்பதால் இதையும் மனப்பாடமாக வையுங்கள். பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால், தேடப் போகுமுன் “ப்ரொவிஷனல் (தற்காலிகப் பந்து) அடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு இன்னொரு பந்தை அடியுங்கள். சொல்லாமல் அடித்தால், முதல் பந்து பாதை நடுவில் கிடந்தாலும் அது செல்லாது. தேட மூன்று நிமிடம்தான். 2019 க்கு முன் ஐந்தாக இருந்தது. புள்ளி கிடைக்க வழியில்லை என்று தெரிந்த குழியில் பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள், கூட ஆடுபவர்கள் மனதுக்குள் நன்றி சொல்வார்கள். “என்ன மட்டை எடுத்தீர்கள்?” என்று அவர்களிடம் கேட்காதீர்கள், நட்பாட்டத்தில் சாதாரணமான அந்தக் கேள்விக்குப் போட்டியில் இரண்டு அடி தண்டனை. எத்தனை யார் என்றோ, விதி என்ன என்றோ கேட்கலாம். பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. நண்பரிடம் இரவல் வாங்கிய ஐந்தாம் இலக்க வுட்டைச் சேர்க்கும்போது எண்ணிப் பாருங்கள்.

முதல் நாளே திருகோணமலைக்குப் போய்த் தங்குங்கள். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு, வாகரை வழியாக நான்கு மணி நேரமளவு பிரயாணம். விடியப்புறத்தில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு உங்கள் ஆரம்ப நேரம் தெரியாது. ஐந்து நிமிடத்துக்குள் பிந்தினால் முதல் குழியில் இரண்டு அடி தண்டனை, அதற்கு மேல் பிந்தினால் ஆட்டமே இல்லை. போட்டி நாள் காலையில் மைதானத்தினுள் இறங்கிப் பயிற்சி செய்யவும் முடியாது; முதல் டீயின் அருகில் புட் செய்யலாம், சிறு சிப் (குறுந்தூர அடி) அடிக்கலாம், பயிற்சித் திடல் இருந்தால் பாவிக்கலாம். அங்கே இருபது பந்து போதும், கடைசி மூன்றையும் முதல் குழியில் எடுக்கப்போகும் மட்டையாலேயே அடியுங்கள்.

மகனை அழைத்துப் போகலாம். விதிகளில் வயது வரம்பு இல்லை. கழகம் தனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கக்கூடும் என்பதால் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கெடி செய்யும் தவறுக்குத் தண்டனை உங்களுக்குத்தான் வரும். நீங்கள் பந்துக்கு முன் நிலையெடுக்கத் தொடங்கியதிலிருந்து அடித்து முடிக்கும்வரை, பந்தின் கோட்டுக்கு நேர் பின்னால் அவன் நிற்கக் கூடாது. சிறுவர்கள் ஆர்வத்தில் அங்கேதான் போய் நிற்பார்கள், வீட்டு வளவில் வலைக்கு முன்னாலேயே பழக்கிவிடுங்கள். பையை அவன் சுமக்க வேண்டாம், உருளி வண்டியில் வைத்து நீங்களே தள்ளுங்கள். அவனுக்கு ஒரு வேலை போதும்: ஒவ்வொரு தடவையும் பந்து எந்த மரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது என்று கண்ணெடுக்காமல் பார்த்து, அந்த மரத்தைக் கையால் காட்டிக்கொண்டே நடப்பது. ஒன்பது வயதுக் கண்ணுக்கு அது விளையாட்டு. 41 வயதுக் கண்ணுக்கு அந்த மூன்று நிமிடம் போதாது.